வெள்ளித்தாள் உருண்டைகள்

எங்கள் வீட்டில் யாரும் காரணமில்லாமல் வெள்ளித்தாள் வாங்கிவந்ததில்லை. மற்ற ஊர்களில் அதில் சப்பாத்தி சுற்றுவார்களாம். எங்களுக்குச் சப்பாத்தி எவர்சில்வர் டப்பாவில்தான் வரும். எனக்குத் தெரிந்து வெள்ளித்தாள் என்பது பட்டாசுக்குப் போடுகிற சட்டை. அதனால், கார்த்திகை மாதத்தில் ஒருநாள் சித்தப்பா பைக்கை உருட்டிக்கொண்டே கொல்லைப்பக்கமாக வந்து, சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு சுருள் வெள்ளித்தாளை எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போனபோது எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. எதையும் லேசில் நம்புகிற பிள்ளை இல்லை. அம்மா காபியில் சர்க்கரை போட்டாயிற்று என்றால், கரண்டியை விட்டு அடியில் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். வாத்தியார் காய்ச்சல் என்று லீவு போட்டால், கடைத்தெருவில் அவரைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரிப்பேன். இவள் வக்கீலுக்குத்தான் போவாள் என்று அம்மா சொல்லுவார். வக்கீலுக்குப் போகவில்லை. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். சந்தேகப்படுவதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் பெரியப்பா, எதிர்வீட்டில் இருந்தார். வெம்பக்கோட்டை போகிற சாலையில் இருந்த பட்டாசுக் கம்பெனி அவர் பொறுப்பு. நடுவில் அப்பா. அவருக்குக் காலண்டர் பிரஸ். கார்த்திகை, மார்கழியில் அவரை வீட்டில் பார்த்தால் விருந்தாளி வந்த மாதிரி இருக்கும். கடைசிதான் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தார், கம்பெனியில் போர்மேன் வேலை பார்த்தார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே கம்பெனி சித்தப்பா கைக்குத்தான் வரும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைக் கொஞ்ச நாள் மூடிவைப்பார்கள். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்துப் பூசை போட்டு மறுபடி திறப்பார்கள். அந்த வருசப் பூசையன்று சித்தப்பா கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவது என்று பெரியப்பா முடிவு பண்ணியிருந்தார். தனக்கு முழங்கால் வலி, இனிமேல் நிழலில் உட்கார்ந்து ஆர்டர் மட்டும் பார்க்கப்போவதாகச் சொன்னார். சித்தப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாவிப் பேச்சு வந்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். இதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

ஆள் முன்பு அப்படி இல்லை. அந்த வருசம் சீசன் சூடுபிடித்திருந்த நேரத்தில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒரு அறை போய்விட்டது. மருந்து வெடித்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம், அறை போய்விட்டது என்று. சித்தப்பா அப்போது எங்கள் கம்பெனி வாசலில் லோடு ஏற்றிக்கொண்டு நின்றாராம். "எங்க கொழுந்தனாரு சுவரேறிக் குதிச்சுப் போயி ஆளுகளைத் தூக்குனாகளாம்" என்று அம்மா யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வெகுநேரம் குளித்தார், இட்லி சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். எனக்கு மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. என்னைப் பொறுத்தவரை விசயம் அதோடு முடிந்தது.

அதற்கப்புறம்தான் சித்தப்பாவின் நடத்தை எனக்குப் பிடிபடாமல் போனது. தீபாவளிக்கு ஊரிலேயே இல்லை. பட்டாசுக்காரர் வீட்டுப் பிள்ளை தீபாவளியன்று வால்பாறையில் கூட்டாளி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? திரும்பி வந்ததும் வாரத்தில் பாதி நாள் விருதுநகர் ஓடினார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்றார். செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டே இருப்பார், நான் பக்கத்தில் போனால் திரையைக் கவிழ்த்துவிடுவார். முன்பு மாடு கட்டியிருந்த தகரக் கொட்டகையை வெள்ளையடித்து, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். மடியில் கனமில்லாதவன் எதற்காக உள்தாழ்ப்பாள் போடுகிறான்?

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு, விருதுநகரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று. சித்தப்பாவின் சட்டைகளைத் துவைக்கப் போடும்போது காலரை முகர்ந்து பார்ப்பார். ஒருமுறை பூண்டு வாசனை வந்தது. "எந்தப் பிள்ளைடி பூண்டை அரைச்சுப் பூசிக்கிட்டு வருவா" என்று என்னிடமே கேட்டார். பெரியப்பாவின் சந்தேகம் வேறு. எங்கள் கம்பெனியின் கலர் மருந்துக் கலவை வேறு யார் கைக்காவது போகிறதோ என்று. வெளியில் சொல்லமாட்டார். ஆனால் சித்தப்பாவின் பைக் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்று, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்.

என் சந்தேகம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே ஒன்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் பட்டாசு செய்யக் கூடாது. அது கள்ளப் பட்டாசு. போலீஸ் வரும், லைசென்ஸ் போகும். அதுகூடப் பரவாயில்லை, வீடு போகும், பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து போகும். பூட்டிய வீட்டுக்குள் மருந்துப்பொடி ஒட்டிய வெள்ளைக் கையோடு யாராவது நடமாடினால் உடனே பெரியவர்களிடம் சொல்லு என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். இப்போது எங்கள் வீட்டிலேயே உள்தாழ்ப்பாள் போட்ட கொட்டகை. அதற்குள் வெள்ளித்தாள்.

கொட்டகையின் தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை இறக்காமல் அதில் கண்ணை வைத்தேன். சித்தப்பாவின் கைகளும் மேஜையும் மட்டும்தான் தெரிந்தன. மேஜையில் வெள்ளித்தாள் சுற்றிய உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் பெரிய பேன்சி வெடி அளவு, ஒரு கைக்கு அடக்கமாக. பக்கத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் சிவப்புப் பொடி, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் கறுப்பு, ஒன்றில் வெள்ளையாகத் துருவல். சித்தப்பா ஒரு உருண்டையின் தலையில் தாளைப் பிரித்து, கரண்டியால் உள்ளே குழி தோண்டினார். கிண்ணங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, கட்டைவிரலால் உள்ளே அமுக்கி அடைத்தார். தாளை முறுக்கி மூடினார். கம்பெனியில் உருண்டைக்கு மருந்து அடைப்பதை வருசா வருசம் பூசையன்று பார்த்தவள் நான். அதே அமுக்கல், அதே முறுக்கு.

அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சந்தேகத்தை ஊறப்போட்டுத்தான் வெளியே எடுக்கவேண்டும் என்பது அப்போதே என் கொள்கை. சாப்பிடும்போது சித்தப்பாவின் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்களில் மஞ்சளும் சிவப்பும் ஏறியிருந்தன. என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன பாப்பா, முறைக்கே?" என்றார். இவ்வளவு செய்துவிட்டு இந்த மனுசனால் எப்படி ரசம் ஊற்றிச் சாப்பிட முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் ஓட்டைக்கு உள்ளே துண்டு தொங்கியது. அதனால் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். முந்தின நாள் தெரியாத மூலை இப்போது தெரிந்தது. அந்த மூலையில் ஒரு இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. சித்தப்பா வெள்ளித்தாள் உருண்டைகளைக் கிடுக்கியால் எடுத்து, ஒவ்வொன்றாக அந்த நெருப்புக்குள் வைத்தார்.

மருந்துக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி இருந்தாலே எங்கள் ஊரில் ஆள் நிற்கமாட்டார்கள். இவர் மருந்தைக் கொண்டுபோய் நெருப்பில் வைக்கிறார். சித்தப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எனக்கு உறுதியாயிற்று. எப்படித் தெருவைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. பெரியப்பா வாசலில் ஆர்டர்காரர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் ஒரு தடவைதான் கேட்டார். மறுகேள்வி கேட்கவில்லை. பாதிச் சந்தேகம் அவருக்குள் ஏற்கெனவே இருந்தது, மீதியை நான் கொடுத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் தெருவுக்குப் போ" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கொல்லை வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் திண்டில் வைத்தார். கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் செய்கிற காரியங்கள் இவை. அந்த அவசரத்திலும் அவர் கை அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தது. கொல்லையில் எப்போதும் நிற்கும் சிவப்பு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து, வெறுங்காலோடு போனார். அம்மா என்னைத் தெருவுக்கு இழுத்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தேன்.

ஒரே உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. பெரியப்பா வாளி மணலை அப்படியே கரிச்சட்டியின் மேல் கொட்டினார். சாம்பல் எழும்பி இரண்டு பேரையும் மூடியது. சட்டியிலிருந்து ஒரு உருண்டை உருண்டு வாசலுக்கு வந்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. சித்தப்பா முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு அண்ணனின் வெறுங்காலைப் பார்த்தார், கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குனிந்து அந்த உருண்டையை எடுத்துத் தாளை உரித்தார்.

"செருப்பைப் போட்டுக்கிடுங்கண்ணே. இது கிழங்கு."

உருளைக்கிழங்குதான். தோல் கருகி, வெடிப்பு வழியே ஆவி வந்தது. அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாக" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். சிவப்புப் பொடி மிளகாய்ப்பொடி. மஞ்சள் பருப்புப்பொடி. கறுப்பு வறுத்து இடித்த எள். வெள்ளைத் துருவல் சீஸ். பூண்டுச் சட்னி, சாத்தூர் சேவு, கெட்டித்தயிர், சால்னா எல்லாம் சுவரோரம் டப்பாக்களில் மூடியிருந்தன. அம்மாவின் பூண்டுக்காரியும் அந்த டப்பாவில்தான் இருந்தாள்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்காலே தாழ்ப்பாள் போட்டே?" என்றார்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கிழங்கை முழுசாகச் சுட்டு, உள்ளே வழித்து, மசாலா கலந்து மறுபடி அடைத்து, மேலே கேட்டதைத் தூவிக் கொடுக்கலாம். விருதுநகர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சின்ன இடம் பார்த்திருக்கிறார். எல்லாரும் பரோட்டாவே போடுகிறார்கள், இதை யாரும் போடவில்லை. சொன்னால் அண்ணன் சிரிப்பார் என்று, நன்றாக வரும் வரைக்கும் யாருக்கும் காட்டவில்லை.

பட்டாசு என்று நினைத்தபோது அமைதியாக இருந்த பெரியப்பாவுக்கு, கிழங்கு என்று தெரிந்ததும்தான் கோபம் வந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "அம்புட்டு பேரு நம்மள நம்பி வேன் ஏறி வாராக. நீ விருதுநகர்ல போயி கிழங்கு சுடப் போறியாலே? வார பூசைக்குச் சாவி உன் கையில. அதுல மாத்தமில்ல" என்றார். சித்தப்பா எப்படியும் அண்ணன் பேச்சுக்குக் கட்டுப்பட்டுவிடுவார், பூசையன்று குளித்து வேட்டி கட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் நிற்பார் என்று அவர் நின்ற நிலையே சொன்னது. கையிலிருந்த கிழங்கை மேஜையில் வைத்தார்.

அப்போதுதான் மணலுக்கு அடியில் 'டொப்' என்றது.

பெரிய சத்தம் இல்லை. பிறந்தநாள் பலூன் இதைவிட நன்றாக வெடிக்கும். முள்கரண்டியால் குத்தாமல் விட்ட கிழங்கு ஒன்று சூட்டில் வாய் பிளந்து, கொஞ்சம் மணலைத் தூக்கி எறிந்தது, அவ்வளவுதான். பெரியப்பா அரை அடி பின்வாங்கினார். அம்மா "ஆத்தே" என்றார். திரும்பிப் பார்த்தால் சித்தப்பாவைக் காணவில்லை.

மேஜைக்கு அடியில் கிடந்தார். முகத்தைத் தரையில் அழுத்தி, இரண்டு கையாலும் பின்னந்தலையைப் பொத்தியிருந்தார். முழங்கால்கள் வயிற்றோடு ஒட்டியிருந்தன. தோளெல்லாம் உதறியது. மேஜைமேல் கிண்ணங்கள் லேசாகக் கிணுகிணுத்தன. அந்தக் கிழங்கைத் தன் கையாலேயே நெருப்பில் வைத்த மனுசன் அதற்குப் பயந்து ஒளிந்திருந்தார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. "சித்தப்பா கிழங்குக்குப் பயந்துட்டாரு" என்று கைதட்டினேன். நான் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்கிற அம்மா, என்னவோ அன்று என் வாயைப் பொத்தினார்.

பெரியப்பா தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலியில் கோயிலில்கூட நாற்காலி கேட்கிறவர், மேஜைக்கு அடியில் குனிந்து தம்பியின் முதுகில் கையை வைத்தார். "ஒண்ணுமில்லலே. ஒண்ணுமில்ல. கிழங்குதான்" என்றார். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. பெரியப்பாவும் கையை எடுக்கவில்லை. "எம்புட்டு நாளாலே இப்படி இருக்கு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்குள் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். இடுப்பில் தூக்கும் வயது எனக்கு எப்போதோ கடந்திருந்தது.

விளக்கு வைத்த பிறகு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. சாம்பல் என்றார்கள். சாம்பல் விழுந்து இவ்வளவு நேரமாயிற்றே என்று நான் யோசித்தேன். "தட்டு கொண்டாம்மா, சாப்பிட்டுப் பாப்போம்" என்றார் பெரியப்பா. சித்தப்பா மிச்சமிருந்த கிழங்குகளைப் பிளந்து அடைத்தார். பெரியப்பாவுக்கு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். அம்மாவுக்குச் சால்னா ஊற்றி மேலே வெங்காயம். எனக்குச் சீஸ் போட்டு அதன்மேல் ஒரு கைப்பிடி சேவு. மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் என் கிழங்கைக் கரண்டியால் கிண்டி அடி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன். தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெயாகக் கரைந்தது. அப்படி ஒரு ருசியை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. பெரியப்பா ஒன்றைத் தின்று முடித்து, இன்னொன்று வை என்று தட்டை நீட்டினார். "உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னார்.

கைகழுவிவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்று, "பூசைக்கு நீ வர வேணாம்லே. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

தண்டனை கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கிழங்கு சுட்டதற்காகக் கம்பெனியையே பிடுங்கிக்கொண்டார், பாவம் சித்தப்பா என்று மனசு சங்கடப்பட்டது. பூசையன்று பெரியப்பா முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனார். தம்பி எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஒரே தொழில்ல எல்லாரும் இருக்கக் கூடாதுல்லா, நான்தான் விருதுநகர்ல வேற வச்சுக் குடுத்திருக்கேன்" என்றார். அது முழுப் பொய் என்று எனக்குத் தெரியும். எதற்காக இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்று அவர்மேல் புதிதாக ஒரு சந்தேகத்தை ஆரம்பித்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லிப் பெரிய பேர் வாங்கினேன். கிழங்குக்குப் பயந்து மேஜைக்கு அடியில் ஒளிந்த சித்தப்பா மாதிரி தரையில் படுத்து நடித்துக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பா பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவளுக்கு நகைச்சுவை உணர்வு போதாது என்று நான் முடிவு கட்டினேன்.

தை மாதம் சித்தப்பா கடை திறந்தார். நாங்கள் எல்லாரும் விருதுநகர் போனோம். பெரியப்பா முதல் ஆளாக உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் அடுப்பருகே நின்று சித்தப்பாவின் கைகளைக் கவனித்தேன். ஒவ்வொரு கிழங்கையும் எடுத்து முள்கரண்டியால் சுற்றிலும் குத்தினார். தாளைச் சுற்றப் போனவர், மறுபடி எடுத்து, குத்திய கிழங்கையே இன்னொரு தரம் குத்தினார். வெள்ளித்தாள் சுற்றி நெருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்ததையும் பிரித்துத் திரும்பக் குத்தினார்.

எதுக்குச் சித்தப்பா இத்தனை தடவை என்று கேட்டேன்.

"அப்பத்தான் பாப்பா மசாலா நல்லா உள்ள இறங்கும்" என்றார்.

காபியில் சர்க்கரையைக் கிண்டிப் பார்க்கிறவள் நான். கிழங்கைச் சுட்ட பிறகுதானே மசாலாவை அடைக்கிறார், குத்துவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, எனக்குச் சேவு கூடப் போடச் சொன்னேன்.